கோலில் உன் முறை

என் அண்ணா, தேசிங்கண்ணா, யாழினியின் ஒரே மாமனே,

ஒரு தடவை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஆளா நீ? அதனால்தான் மூன்று விதமாகக் கூப்பிட்டேன். "இன்னாடீ, கத்தாத, வரேன்" என்று வலையை உதறிக்கொண்டே சொல்வாயே, அதைக் கேட்காமல் உன்னிடம் எந்தப் பேச்சையும் ஆரம்பித்துப் பழக்கமில்லை எனக்கு. இன்றைக்கு அது இல்லாமலே ஆரம்பிக்கிறேன்.

உன் காரியத்தன்றே படிப்பதற்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கிளப் செக்ரட்டரி காதர் பாய் போன் மேல் போன் போட்டார். "காலேஜ் போயி தமிழ் படிச்ச பொண்ணு நீ. உங்க அண்ணனுக்கு நாலு வரி எழுதமாட்டியா?" என்றார். எழுதவில்லை. போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அப்போது உன்மேல் இருந்ததெல்லாம் கோபம்தான். இப்போது லீக் முடிந்துவிட்டது. உன்னிடம் சொல்ல எனக்குச் சேதி இருக்கிறது.

முதலில் வீட்டுச் சேதி. நாங்கள் இப்போது அனுப்பம்பட்டில் இருக்கிறோம். அம்மாவும் எங்களோடுதான். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு. ஏரி கண்ணில் படாது, காற்றில்கூட உப்பு இல்லை. யாழினி எல்.கே.ஜி. போகிறாள். அவளுக்கு எதைக் கண்டும் பயமில்லை, எனக்குத்தான் எல்லாவற்றையும் கண்டு பயம். ராத்திரி படுக்கும் முன்பு குளியலறை பக்கெட்டைக் கவிழ்த்து வைக்கிறேன். அவள் அப்பா ஒருநாள், "இன்னாம்மே, பக்கெட்டுக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டணுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கப் போனார். என் முகத்தைப் பார்த்ததும் அவரே எழுந்து போய் இன்னொரு பக்கெட்டையும் கவிழ்த்துவிட்டு வந்தார்.

இந்தக் கடிதத்தைக் கிளப் மலரில் போடுவதாகக் காதர் பாய் சொல்லியிருக்கிறார். வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள்.

பழவேற்காட்டில் ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில்தான் இறால் நன்றாக ஓடும். அந்த இடம் சின்னது, ஆள் நிறைய. அதனால் மூன்று குப்பமும் முறை வைத்துக்கொண்டிருக்கின்றன. இன்று ஒரு குப்பம், நாளை அடுத்தது. குப்பத்துக்குள் யார் எங்கே வலை கட்டுவது என்பதும் முறைதான். இதற்குப் பாடு என்று பெயர். உன் பாட்டில் இறால் குவிந்தாலும் உன்னுடையது, வெறும் பாசி வந்தாலும் உன்னுடையது. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அடுத்தவன் பாட்டில் நீ வலை போட முடியாது. அவனாகக் கொடுத்தால் உண்டு.

மூன்று குப்பத்துப் பிள்ளைகளும் சேர்ந்து கால்பந்துக் கிளப் ஆரம்பித்தபோது, யார் ஆடுவது என்று முதல் வருஷமே அடிதடி. டச்சுக்காரர் கல்லறைக்குப் பக்கத்து மைதானத்தில் ஆடியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். கடைசியில் பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னார்கள்: பாட்டைப் போலப் பிரித்துக்கொள்ளுங்கள். குப்பத்துக்கு இத்தனை இடம், மாட்சுக்கு மாட்ச் மாறி மாறி. கோல் காக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதனால் கோலுக்கு ஒரு மாட்ச் நீ, அடுத்த மாட்ச் மாதா குப்பத்து அந்தோணியண்ணன். அப்புறம் சண்டை வரவில்லை. மாவட்ட லீக், மாநில லீக் என்று ஏறி, தேசிய லீகின் மூன்றாம் டிவிஷனுக்கே போய்ச் சேர்ந்தீர்கள்.

மூன்றாம் டிவிஷன் என்றால் டி.வி.யில் வராது. பேப்பரில் விளம்பரத்துக்கு நடுவே ஒரு வரி வந்தால் அதிசயம். உனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு ஊரிலிருந்தும் எனக்குப் போன் செய்வாய். நிலக்கரி ஊர் கிளப்பில் ஆடிவிட்டு வந்தால் மூன்று நாளைக்கு மூக்கைச் சிந்தினால் கறுப்பு என்றாய். மலைமேல் இருக்கிற ஒரு கிளப்பில் ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரும் கைகோத்துப் பாடுவார்கள், அதைக் கேட்டால் கோல் போடவே மனசு வராது என்றாய். பாலைவனப் பக்கத்துக் கிளப் ஒன்று பரீட்சை நேரத்தில் ஆள் கிடைக்காமல் அவர்கள் பஸ் டிரைவருக்கு ஜெர்சி மாட்டி மாற்று ஆளாக உட்கார வைத்திருந்ததாம். "அல்லாரும் நம்மளாட்டம்தான் அமுதா. கையில ஒண்ணும் கெடையாது, பந்து மட்டும் கீது" என்றாய். அதைச் சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

சென்னையிலிருந்து கோச் சார் வந்தார். லைசென்ஸ் வைத்த கோச் இல்லாமல் அந்த லீகில் சேர்க்க மாட்டார்களாம். நம் முறைக் கணக்கைக் கேட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "உலகத்துல எந்த கிளப்லயும் கோல்கீப்பருக்கு முறை கிடையாதுய்யா!" என்றார். காதர் பாய் டீ ஆற்றிக்கொண்டே சொன்னாராம், "உலகத்துல எந்த கிளப்லயும் பதினோரு பேரும் மறுநாள் ஒரே தண்ணில எறங்கறதில்ல சார். இங்க எறங்கணும்."

இதை நீ சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அண்ணா, இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரிந்த நாள். ஆனால் நீ தண்ணீரிலிருந்து பார்த்தாய், நான் போனில் பார்த்தேன்.

நிலக்கரி ஊரில் மாட்ச். அங்கே கோல் அந்தோணியண்ணன் முறை. இங்கே முகத்துவாரத்தில் உன் பாடு. யாரோ கைபேசியில் பிடித்து அனுப்பிய படம் விட்டு விட்டு வந்தது. யாழினி என் மடியில். கடைசியில் அவர்களுக்கு ஒரு பெனால்டி. அந்தோணியண்ணன் வலது பக்கம் பாய்ந்து பிடித்துவிட்டார். நான் எழுந்து கத்தினேன், யாழினி கை தட்டினாள். பக்கத்து வீட்டு அக்கா இன்னாச்சோ என்று ஓடி வந்தது. அந்தப் படத்தின்மேல்தான் அம்மாவின் பெயர் வந்து போன் அடித்தது.

ஏரித் தண்ணீர் கடலுக்கு வாங்குகிற நேரம். காற்று திடீரென்று திரும்பியிருக்கிறது. வலையை அவிழ்த்துவிட்டு வந்திருந்தால் தப்பியிருப்பாய் என்றார்கள். நீ வலையை விடவில்லை என்றார்கள். எது நிஜம்? விட முடியவில்லையா, விட மனசு வரவில்லையா? யாரைக் கேட்பேன்?

அதற்கப்புறம் என் மண்டைக்குள் ஒரே ஒரு நினைப்புதான். உன்னைவிட நல்ல கீப்பர் அந்த அணியில் இல்லை என்று கோச் சாரே சொன்னார். ஆட்டத்தைப் பார்த்து ஆளை எடுத்திருந்தால் அன்று நீ தண்ணீரே இல்லாத நிலக்கரி ஊரில் நின்றிருப்பாய். ஊர் வைத்த முறைதான் உன்னை முகத்துவாரத்துக்கு அனுப்பியது. அந்த முறையை நீயே பெரிசாகப் பேசித் திரிந்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

செத்தவனோடு அவன் பாடு சாகாது என்பது நம் வழக்கம். அது வீட்டுக்கு வரும், அதில் யார் நிற்பது என்று வீட்டார் பெயர் சொல்ல வேண்டும். உனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, நைனாவும் இல்லை. கோல் விஷயத்துக்கு அம்மா என்னைக் கைகாட்டிவிட்டது. ஏரியில் உன் பாட்டுக்கு அம்மா ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டது. கோலில் உன் முறைக்கு நான் பெயர் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. போனையே எடுக்கவில்லை.

அதனால் என்ன நடந்தது தெரியுமா? உன் முறை வந்த மாட்சுக்கெல்லாம் பின்வரிசை சுரேஷைக் கோலில் நிறுத்தினார்கள். ஊர் எல்லையில் காவல் தெய்வம் நிற்குமே, அப்படி நின்றானாம். பந்து வந்தாலும் அசையவில்லையாம். அந்தோணியண்ணன் முறையில் ஜெயிப்பது, உன் முறையில் தோற்பது. நீயே நில்லேன் என்று அந்தோணியண்ணனிடம் கோச் சார் கெஞ்சினாராம். "எனக்குக் குடுக்காத பாட்டுல நான் எப்பிடி சார் வலை போடறது?" என்று அவர் கேட்டாராம். கடைசி மாட்ச் வந்தபோது, அதில் ஜெயித்தால்தான் தேசிய லீகில் இருக்கலாம், இல்லையென்றால் கீழே இறங்க வேண்டியதுதான் என்று ஆகிவிட்டது. அது உன் முறை மாட்ச்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்றார்கள். காதர் பாய், நம் குப்பத்துத் துரை மாமா, அவர்களுக்குப் பின்னால் அந்தோணியண்ணன். காதர் பாய் கையில் ஒரு பை நண்டு. பை நகர்ந்துகொண்டே இருந்தது.

பெயர் சொல்லும்போது மூன்று குப்பத்து ஆளும் காதால் கேட்க வேண்டும். மூன்றாவது குப்பத்து வேலு மாமாவைக் காணோம். துரை மாமா போன் போட்டார்.

"எங்கய்யா கீற?"

"மீஞ்சூர்ல கீறேன். அனுப்பம்பட்டுல ட்ரெயின் நிக்கவே இல்லப்பா."

"நின்னுச்சு. நாங்க எறங்கனோமே. நீதான் முழிக்கல."

"எழுப்பிவுடக் கூடாதாய்யா?"

"நீ முன்னாடி பொட்டில குந்திக்கினு வந்த. அடுத்த வண்டியப் புடிச்சி ஜல்தியா வா."

அந்த அடுத்த வண்டி வருகிறவரைக்கும் எல்லாரும் என் வீட்டில் உட்கார வேண்டியதாகிவிட்டது. இல்லையென்றால் அன்று நான் ஒரு வார்த்தையில் முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பேன்.

டீ கொடுத்தேன். யாரும் உன் பெயரை எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். "முறை முறைன்னு வந்து நிக்கறீங்களே. அந்த முறைய ஒருநாள், ஒரே ஒருநாள் மாத்தியிருந்தா எங்கண்ணன் இங்க குந்திக்கினு டீ குடிச்சிருக்கும்" என்றேன். பேச ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. என்னென்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

காதர் பாய் தொப்பியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். அந்தோணியண்ணன் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"நான் கேட்டேன்மா. ஊருக்குக் கெளம்பறதுக்கு மொத நாள் கேட்டேன். டேய் தேசி, நீ கோலுக்குப் போ, உன் பாட்ட நான் பாத்துக்கறேன்னு. பெரிய மாட்சாச்சேன்னுதான் கேட்டேன். அவன் இன்னா சொன்னான் தெரியுமா? 'போன மாட்ச் நான் நின்னேன்டா. இது உன்னுது. உங்கம்மா மொபைல்ல பாக்கணும்னு கண்ணாடில்லாம் மாத்திக்கினு குந்தியிருக்கு, போய் நில்லு'ன்னான். இன்னொருவாட்டி கேட்டதுக்கு, பேஜார் பண்ணாத, போடான்னுட்டான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கேட்டா போதுமா? இழுத்துக்கினு போயிருக்கலாமில்ல? எங்கண்ணன் பாட்டுக்கு நீங்க போயிருக்கலாமில்ல?"

அதுவரைக்கும் நண்டு அலசிக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு வந்து நின்றது.

"வாய மூடுடீ. இன்னா கேக்கறன்னு தெரிஞ்சிதான் கேக்கறியா? அன்னிக்கு அந்தக் காத்து யாரையோ ஒருத்தன எடுக்கணும்னு வந்துச்சு. உங்கண்ணன் இல்லன்னா இந்தப் புள்ள. அவன் பதிலுக்கு இவன் போயிருந்தா சரியாயிருந்திருக்கும்ன்றியா? இவன் மூஞ்சப் பாத்து சொல்லு பாக்கலாம்."

அண்ணா, நான் இத்தனை மாதமும் வேண்டிக்கொண்டது அதைத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ போன் படத்தில் கோல் காத்து நிற்பாய், அந்தோணியண்ணன் தண்ணீரில் போவார். அவர் வீட்டிலும் ஒரு அக்கா இருக்கிறாள். அந்த அக்கா என்னைப் போல வாசலில் வந்தவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பாள். நான் உன்னை உயிரோடு நினைத்துப் பார்த்த போதெல்லாம் அவரைச் சாகடித்துத்தான் நினைத்திருக்கிறேன். ஒரு நாளும் அவர் முகம் அதில் வரவில்லை. இப்போது முகம் எதிரே இருந்தது. கன்னமெல்லாம் ஒட்டிப்போய்.

யாழினிதான் பேசினாள். அந்தோணியண்ணன் முழங்காலுக்குப் பக்கத்தில் போய் நின்று, "நீங்கதான் போன்ல பால் புடிச்ச மாமாவா?" என்று கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். அப்புறம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அந்தப் பெனால்டியைப் பற்றி அதுவரை ஊரில் ஒருத்தரும் அவரிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். யார் சொல்வார்கள், அந்த நாளைப் பற்றி?

வேலு மாமா வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். "டீ கீதாம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. துரை மாமா அவரை முறைத்துவிட்டு என்னிடம் சொன்னார், "தொறைல தண்ணியப் பாத்து நின்னுதான் பேர் சொல்லணும். நீ அங்க வரமாட்டன்ற. பரவால்ல, வாசப்படில நின்னு சொல்லு. ஏரி எந்தப் பக்கம் கீதோ அந்தப் பக்கம் பாத்துக்க."

வாசற்படியில் நின்றேன். ஏரி எந்தப் பக்கம் என்று எனக்கு ஒரு நொடி குழம்பிவிட்டது, அண்ணா. அதை மறப்பதற்குத்தானே இங்கே வந்தேன். அம்மா என் தோளைப் பிடித்துக் கிழக்கே திருப்பியது.

"எங்க வீட்டு முறைக்கு அந்தோணியண்ணன் நிப்பாரு" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் தடதடவென்று போனது. வேலு மாமா காதில் கை வைத்துக்கொண்டு, "இன்னொருவாட்டி சொல்லும்மா, சரியா கேக்கல. நாளைக்கு எவனாவது கேட்டா நான் சொல்லணுமில்ல" என்றார்.

முதல் தடவை வாய்தான் சொன்னது. இரண்டாவது தடவை சொல்லும்போதுதான் நீ இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

இனி மாட்ச். நம் மைதானத்தில் லீக் மாட்ச் நடத்த விடமாட்டேன் என்கிறார்களே, கேலரி இல்லை, உடை மாற்ற அறை இல்லை என்று. அதனால் நம் சொந்த ஊர் மாட்சும் சென்னையில்தான். யாழினியைக் கூட்டிக்கொண்டு ரயிலில் போனேன். எதிரணி, ஆட்டத்துக்கு முன்னால் பாடுவார்கள் என்றாயே, அந்த மலை கிளப். அவர்கள் நிலைமையும் நம் நிலைமைதான்: ஜெயித்தால் இருக்கலாம், இல்லையென்றால் இறங்க வேண்டும். அவர்கள் பாடினார்கள். நீ சொன்னது நிஜம், மனசு என்னவோ செய்தது.

அந்தோணியண்ணன் நின்றார், அண்ணா. நீ நிற்பதைப் போல இல்லை. நீ கத்திக்கொண்டே நிற்பாய், அவர் வாயே திறக்கவில்லை. தலைக்கு மேலே போன பந்தை விரல் நுனியால் தட்டினார். அடிக்க வந்தவன் காலடியில் பாய்ந்து ஒன்றைப் பிடித்தார். ஒரு கோல் விடவில்லை. ஆனால் நம் ஆட்களும் ஒரு கோல் போடவில்லை. முடிகிற நேரத்தில் நாம் அடித்த பந்து கம்பத்தில் பட்ட சத்தம் யாழினிக்குப் பட்டாசு மாதிரி இருந்ததாம். டிரா. விசில் ஊதியதும் இரண்டு அணியும் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டன. ஒரே டிராவில் இரண்டு கிளப்பும் கீழே இறங்கிவிட்டன.

ஜெயித்தால் சாப்பிடலாம் என்று காதர் பாய் ஒரு தேக்சா பிரியாணி கொண்டு வந்திருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இரண்டு அணிக்கும் இலை போடச் சொன்னார். அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். மலைப் பிள்ளைகளுக்குக் காரம் தாங்கவில்லை. எது காரத்துக்கு அழுகிற அழுகை, எது லீகுக்கு அழுகிற அழுகை என்று தெரியவில்லை.

அவர்கள் கோல்கீப்பர், குட்டையாய் ஒரு பையன், போன வருஷம் உன்னை எதிர்த்து ஆடியவனாம். அந்தோணியண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இந்தியில் ஏதோ கேட்டான். கோச் சார் தமிழில் சொன்னார்: "கத்திக்கிட்டே நிப்பாரே, அந்த இன்னொரு கீப்பர் எங்கேன்னு கேக்கறான்."

நான் யாழினியின் வாயைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அந்தோணியண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கு அவன் முறைதான்னு சொல்லுங்க சார்."

கோச் சார் அதை எப்படி மாற்றிச் சொன்னாரோ தெரியாது. அந்தப் பையன் வெகுநேரம் அந்தோணியண்ணனின் கையைப் பிடித்தபடி இருந்தான்.

இவ்வளவுதான் சேதி. அடுத்த வருஷம் திரும்பவும் மாநில லீக். திறமையைப் பார்த்து ஆள் எடுப்பதானால் இருக்கிறேன் என்று கோச் சார் சொன்னார். மூன்று குப்பமும் கூடிப் பேசி, முறை முறையாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தது. கோச் சார் போகிறேன் என்றார், இன்னும் போகவில்லை. அந்த முறை சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. மலைப் பிள்ளைகள் கைகோத்துப் பாடியதைப் போல மனசை உருக்குகிறதும் அதுதான், உன்னை எடுத்துக்கொண்டதும் அதுதான். உன்மேல் கோபம் தீர்ந்ததா என்று கேட்காதே. அந்தோணியண்ணன் கேட்டபோது நீ "சரிடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று நினைக்க ஆரம்பிப்பேன், அவர் ஒட்டிய கன்னம் முன்னால் வந்து நிற்கும், பாதியிலேயே விட்டுவிடுவேன். ஒவ்வொரு நாளும் அந்தப் பாதிவரைக்கும்தான் போகிறேன்.

இனி உன் முறை சும்மா கிடக்காது, அண்ணா. ஆள் அனுப்பி என்னைக் கேட்க வேண்டாம் என்று துரை மாமாவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த மாட்சுக்கு முன்னால் நானே பழவேற்காடு வருகிறேன். துறையில் இறங்கி, தண்ணீரைப் பார்த்து நின்று, மூன்று குப்பத்துக்கும் கேட்கிற மாதிரி பெயரைச் சொல்கிறேன். யாழினியையும் கூட்டி வருவேன். அவள் கையை இறுக்கிப் பிடித்திருப்பேன், அவள் திமிறுவாள், நான் விடமாட்டேன். பார்த்துச் சிரிக்காதே.

உன் வீட்டுப் பெயரைச் சொல்ல மிச்சமிருக்கிற தங்கச்சி,
அமுதா